கரும்புக் காட்டில் பதினோரு நிமிடம்

சினிமா தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டி "படம் எப்படி இருக்கு?" என்று கேட்பதும் ஒரு தொழில்தான், கேட்கிறவனுக்கு மரியாதை கிடையாது, சொல்கிறவனுக்குக் கூலி கிடையாது. படம் வெளியாகும் நாட்களில் நான் அதைச் செய்கிறேன். மற்ற நாட்களில் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு வீடியோ. நீங்களும் எப்போதாவது மைக் பிடித்திருந்தால், அல்லது மைக்கைப் பார்த்ததும் போன் பேசுவதுபோல் நடித்துக்கொண்டு நழுவியிருந்தால், நாமெல்லாம் சொந்தக்காரர்கள்.

இது புதுச்சேரி வில்லியனூரில் ஒரு தியேட்டரில் ஐந்து நாள் ஓடிய படத்தைப் பற்றியது. படத்தின் பெயர் வேண்டாம். எடுத்த அந்தோணிக்கு இன்னும் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என்னோடு பத்தாவது வரை படித்தவன். கொலை, துரத்தல், அடிதடி என்று ஒரு படம். பட்ஜெட் எவ்வளவு சின்னதென்றால், முதல் பாதியில் வில்லன் வந்த ஜீப்பில்தான் இரண்டாம் பாதியில் போலீஸ் வரும்.

நெட்டப்பாக்கம் பக்கம் கரும்புக் காட்டில் எடுத்தபோது, அங்கே கரும்பு வெட்டும் இருபது பேர் சும்மாவே நடித்துக் கொடுத்தார்கள். பெரிய திரையில் உங்களை நீங்களே பார்க்கலாம் என்று அந்தோணி வாக்குக் கொடுத்திருந்தான். படம் வெளியான அதே வெள்ளிக்கிழமை, ஆலையிலிருந்து அவர்களுக்கு வெட்டு உத்தரவு வந்துவிட்டது. உத்தரவு வந்தால் வெட்டி, கட்டி, லாரி ஏற்றும்வரை காட்டை விட்டு நகர முடியாது. வெட்டிய கரும்பு காய்ந்தால் எடை போய்விடும். செவ்வாய்க்கிழமைதான் வர முடியும் என்றார்கள். தியேட்டர் மேனேஜரோ ஞாயிறு வரைதான் மேட்னி ஷோ, நாலு பேர் நல்லபடியாகச் சொன்னால் மேற்கொண்டு பார்க்கலாம் என்றார். செவ்வாய் வரை படத்தை இழுத்துப் பிடிக்க வேண்டும். கையில் இருந்தது என் மைக் ஒன்றுதான்.

வண்டி ஸ்டாண்டில்

படம் முடிந்து வருகிறவர்களை வாசலில் பிடிக்க முடியாது, பஸ்ஸுக்கு ஓடுவார்கள். தொழில் தெரிந்தவன் வண்டி ஸ்டாண்டில் நிற்பான். முன்னால் இருக்கிற பைக் நகரும்வரை பின்னால் இருக்கிறவர் எங்கேயும் போக முடியாது. எதையாவது சொல்லித்தான் ஆக வேண்டும். வெள்ளிக்கிழமை அப்படி மாட்டியவர் ஒதியம்பட்டிலிருந்து வந்த ஒரு கொத்தனார். அந்தோணி ஹெல்மெட்டைக் கழற்றாமல் பக்கத்து வண்டிக்காரன் மாதிரி நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

சண்டை எப்படி? சூப்பர். கதை எப்படி? சூப்பர். வில்லன்? சூப்பர். ஹெல்மெட்டுக்குள் அந்தோணிக்கு வியர்த்துக் கொட்டியது. எனக்கும் உற்சாகம் தாங்கவில்லை. எந்த இடம் ரொம்பப் பிடித்தது என்று கேட்டு வைத்தேன். அவர் சொன்னார்: "ஏசிதான்பா. நாலு நாளா சாரத்து மேல வெயில்ல நின்னுகினு இருந்தேன், உள்ள போனதும் தூங்கிட்டேன். நல்ல படம்."

ஒரே வழி, இரண்டு படம்

அந்தத் தியேட்டரில் திரை இரண்டு, வெளியே வர வழி ஒன்று. பக்கத்துத் திரையில் ஒரு பெரிய நடிகர் படம் ஓடிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை இரண்டும் ஒரே நேரத்தில் விட்டது என் போதாத காலம். ஆனால் அன்றைக்குக் கிடைத்தது போலக் கருத்து எனக்கு என்றைக்கும் கிடைத்ததில்லை. குடும்பம் குடும்பமாக நின்று பேசினார்கள். ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

எதிர் டீக்கடையில் உட்கார்ந்து அந்தோணிக்குப் போட்டுக் காட்டினேன். ஒருவர் ஹீரோயின் ஆட்டத்துக்கே டிக்கெட் காசு சரியாகப் போயிற்று என்கிறார். அந்தோணி டீயைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தான். பிறகு ரொம்பப் பொறுமையாகச் சொன்னான்: "டேய், நம்ப படத்துல ஹீரோயினே கிடையாதுடா."

தொப்பி

புதுச்சேரியில் கான்ஸ்டபிள் என்றால் சிவப்புத் தொப்பி. சின்னக் குழந்தைக்கும் தெரியும். அந்தோணி போலீஸ் உடுப்பைச் சென்னையில் வாடகைக்கு எடுத்ததால் தொப்பி வேறு மாதிரி வந்துவிட்டது. இருட்டில் எடுத்தால் தெரியாது என்று விட்டுவிட்டான். மூன்று கொலை, ஒரு கடத்தல், ஒரு ஜீப் கவிழ்வது எல்லாவற்றையும் தாண்டி, வில்லியனூர் மார்க்கெட்டில் கீரை விற்கிற அக்கா ஒருத்தி அதை மட்டும் பிடித்துக்கொண்டாள்: "கொலை நம்ப ஊர்ல நடக்குது, தமிழ்நாட்டு போலீசு இன்னாத்துக்குபா வருது?"

ஓட்டம்

ஹீரோ வில்லியனூர் ரயில்வே கேட்டில் ஓட ஆரம்பிப்பான். மூச்சு வாங்கி நிற்கும் இடம் பாகூர் ஏரிக்கரை. ஊர்க்காரன் எடுத்த படத்தில் இப்படி வரலாமா என்று எனக்கே கொஞ்சம் வருத்தம்தான். மனைவியோடு வந்த ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் அதைக் கண்டுபிடித்துவிட்டு, பஸ்ஸிலேயே ரொம்ப நேரம் பிடிக்குமே, இவன் மட்டும் எப்படி ஓடினான் என்று என்னைக் கேட்டார், நான்தான் ஓடியதுபோல.

அவர் மனைவி மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அந்த மூன்று நாளில் வண்டி ஸ்டாண்டில் அந்தோணி ஹெல்மெட்டைக் கழற்றியது அப்போதுதான். அந்தம்மா சொன்னது: "ஒரே அடியில பத்து பேரு பறந்தா கை தட்டுற, இது மட்டும் பொய்யாக்கும்? அந்தப் புள்ள பயந்துகினு ஓடுறான் பாரு, எனக்கு நெஞ்சு அடச்சிகிச்சு."

மேனேஜர்

ஞாயிற்றுக்கிழமை மாலை வீடியோவை மேனேஜரிடம் காட்டினேன். அந்தோணி நெட்டப்பாக்கத்துக்குப் போயிருந்தான், செவ்வாய்க்கிழமை வரச்சொல்லி ஆட்களுக்கு நினைவுபடுத்த. மேனேஜர் பொறுமையாகத்தான் பார்த்தார். படம் பிடித்தவர்களும் பிடிக்காதவர்களும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒன்றாக நின்றார்கள்: இடைவேளை முடிந்ததும் வருகிற கரும்புக் காட்டுக் காட்சி இழுக்கிறது. பதினோரு நிமிடம்.

அதை மட்டும் விட்டுவிட்டு ஓட்டினால் செவ்வாய் வரை மேட்னி தருகிறேன், ஆபரேட்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். நான் உடனே சரி என்றேன். செவ்வாய், செவ்வாய் என்று மூன்று நாளாக ஜபித்துக்கொண்டிருந்தவனுக்குச் செவ்வாய் கிடைத்துவிட்டது. வேறு எதுவும் மண்டையில் ஏறவில்லை. அந்தோணியிடம் சொல்லவும் இல்லை. படத்தை வெட்டினோம் என்றால் மனசு கஷ்டப்படுவான் என்று நானே பெரிய மனது பண்ணி மறைத்துவிட்டேன். மேனேஜர் என் தோளில் தட்டிச் சொன்னார்: "தம்பி, டைரக்டரை விட உனக்குத்தான்பா சினிமா தெரியுது."

செவ்வாய்க்கிழமை

இருபது பேரும் குட்டியானை வேனில் வந்து இறங்கினார்கள். கையெல்லாம் கரும்புச் சோகையின் இலை கிழித்த கோடு. பெண்கள் பூ வைத்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி அஞ்சலை அக்கா. படத்தில் ஹீரோவைச் சோகைக்குள் மறைத்துவிட்டு, தேடி வரும் ரவுடிகளை வெட்டுக் கத்தியோடு எதிர்த்து நிற்பது அவர்தான். அந்தோணி ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து இருக்கைக்கு அழைத்துப் போனான். நான் வெளியே மைக்குக்குப் புது பேட்டரி போட்டுக்கொண்டு நின்றேன். படம் விட்டு அவர்கள் வெளியே வந்தபோதும் எனக்கு உறைக்கவில்லை. சிரித்த முகத்தோடு அக்காவிடம் மைக்கை நீட்டினேன்.

"நல்லாத்தான்பா இருந்துது. நாங்க நடிச்ச படம் எப்ப வரும்?"

அந்தோணி என்னைப் பார்த்தான். இரண்டாம் பாதியில் கரும்புக் காடே வரவில்லை என்பதை அவனும் அப்போதுதான் உள்ளே பார்த்துவிட்டு வந்திருந்தான். யார் செய்தது என்று மட்டும் தெரியாது. நான்தான் என்று சொன்னேன். திட்டியிருந்தால் தேவலாம். ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டான். என் வாழ்க்கையில் அவ்வளவு அவமானப்பட்டதில்லை. மேனேஜர் அறைக்கு ஓடினேன். அடுத்த ஷோவுக்கு நேரமாகிறது, ஹாலைக் கூட்ட வேண்டும் என்றார். வெளியே நிற்கிறவர்களை ஒரு தடவை எட்டிப் பாருங்கள் சார் என்றேன். எழுந்து வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். இருபது பேரும் போஸ்டர் முன்னால் நின்று, அதில் தங்கள் முகம் எங்காவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் ஆபரேட்டருக்குப் போன் போட்டார்.

கூட்டுகிற பெண்கள் ஒரு பக்கம் பாப்கார்னைத் தள்ள, கதவெல்லாம் திறந்து கிடக்க, அவர்களுக்காக அந்தப் பதினோரு நிமிடம் மட்டும் ஓடியது. தன் முகம் வந்தபோது ஒவ்வொருவரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அஞ்சலை அக்கா கத்தியைத் தூக்கிய இடத்தில், கூட்டிக்கொண்டிருந்த பெண்ணே துடைப்பத்தைப் போட்டுவிட்டு விசிலடித்தாள். அந்தோணி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதான். நானும்தான். வெளியே வந்ததும் அக்காவே மைக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"கொஞ்சம் நீளந்தான் தம்பி. நான் வர்ற எடத்தை மட்டும் வச்சிகினு மத்ததை வெட்டிடு."

மீதிப் பத்தொன்பது பேரும் மைக்கை வாங்கி இதையேதான் சொன்னார்கள். ஆளுக்கொரு இடத்தை விட்டுவைக்கச் சொன்னதால், கூட்டிக் கழித்துப் பார்த்ததில் வெட்டுவதற்கு ஒரு நிமிடம்கூடத் தேறவில்லை.