யூனியைப் போய்ப் பார்க்கத்தான் வேணுமோ?

எங்கள் தொழிலில் பெப்ரவரி மாதம் கடிதத்தோடுதான் பிறக்கும்.

தொழில் என்றால், கிழக்கு லண்டனில் ஒரு கல்லூரியில் மேற்படிப்பு ஆலோசகர். ஏ லெவல் படிக்கிற பிள்ளைகள் பல்கலைக்கழகங்களுக்கு, அவர்கள் பாஷையில் 'யூனி'களுக்கு, விண்ணப்பம் போட உதவுவது என் வேலை. அங்கே தமிழ் தெரிந்த ஆலோசகர் நான் ஒருத்திதான் என்பதால், தமிழ்ப் பெற்றோர் யார் வந்தாலும் வரவேற்பு மேசையிலிருந்து நேரே என் அறைக்குத் தள்ளிவிடுவார்கள்.

இலையுதிர்காலத்தில் விண்ணப்பம் போடுவோம். குளிருக்குள், 'இன்ன இன்ன ரிசல்ட் எடுத்தால் இடம் தருவோம்' என்று பதில் வரும். அதுவரைக்கும் எல்லோருக்கும் சந்தோஷம். பிறகு அதே பல்கலைக்கழகம் இன்னொரு கடிதம் போடும். 'இடம் தரச் சம்மதித்திருக்கிறோம், ஒருநாள் வந்து எங்களையும் பார்த்துவிட்டுப் போங்கள்' என்று. இதற்கு விசிட் டே என்று பெயர். பரீட்சைக்குப் படிக்கிற நேரத்தில் ஒருநாளைக் கொண்டுபோய் அங்கே கொடுப்பதா, வீட்டில் இருந்து படிப்பதா? பிள்ளை தாயைப் பார்க்கும், தாய் தகப்பனைப் பார்ப்பார், தகப்பன் என்னைப் பார்ப்பார். நான் மேசையில் இருக்கிற கலண்டரைப் பார்ப்பேன். பார்த்துவிட்டு, மிகவும் உறுதியான குரலில் ஏதாவது சொல்லுவேன். குரல் உறுதியாக இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வீட்டில் பதினேழு, பதினெட்டு வயதில் பிள்ளை இருக்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நீங்களும் பட்டிருப்பீர்கள். 2009இல் நான் பட்டது இது.

அட்டெண்ட்

முதலில் வந்தவர் பிளேஸ்டோவில் இருக்கிற ராஜேஸ்வரி அக்கா. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. காலை ஷிப்ட் முடிந்த கையோடு, சீருடைக்கு மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கடிதத்தைக் கண்ணாடி உறைக்குள் வைத்து, அதையும் ஒரு ஃபைலுக்குள் வைத்திருந்தார். "தங்கச்சி, பத்தாம் திகதி போகாட்டி இடத்தை வெட்டிப்போடுவினமோ?" என்றார். பக்கத்தில் நின்ற மகள் அபிராமி கூரையைப் பார்த்தபடி, "அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ டூர்" என்றாள். அன்றைக்கு அதை அவள் பத்தாவது தடவையாகச் சொல்லியிருப்பாள்.

அக்காவைப் பிழை சொல்ல ஏலாது. ஒன்பது வருஷமாக அவருக்கு வந்த ஆங்கிலக் கடிதமெல்லாம் குரோய்டன் குடிவரவு அலுவலகத்துக்குக் கூப்பிடுகிற கடிதம்தான். இன்ன நாள், இன்ன நேரம், இன்ன பத்திரத்தோடு வரவேண்டும், வராவிட்டால் நடப்பதற்கு நாங்கள் பொறுப்பில்லை. ஆங்கிலத்தில் அவருக்கு எந்த எழுத்தில் எழுதினாலும் தெரிகிற ஒரு சொல், 'வந்து நில்' என்கிற 'அட்டெண்ட்'. அது இந்தக் கடிதத்திலும் இருந்தது. சிவப்புப் பேனையால் கீழே கோடு போட்டிருந்தார்.

நான் கடிதத்தை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். 'வந்தால் சந்தோஷம். வர முடியாவிட்டாலும் உங்கள் இடத்துக்கு ஒரு பாதிப்பும் இல்லை.' அந்தக் கடைசி வரியை இரண்டு தரம் சொல்லச் சொன்னார். கையெழுத்து வைக்க வேணுமோ என்று கேட்டார். இல்லை. பாஸ்போர்ட்? தேவையில்லை. மத்தியானம் சாண்ட்விச் தருவார்கள் என்றேன். "விருப்பமில்லாட்டி விடுங்கோ அக்கா, பிள்ளை வீட்டில இருந்து படிக்கட்டும்."

அவர் கடிதத்தைத் திரும்ப உறைக்குள் போட்டு, மெல்லத் தடவி, ஃபைலை மூடினார். "போகாட்டிலும் குற்றமில்லை எண்டு சொல்லி இந்த நாட்டில எங்களுக்கு வந்த முதல் கடிதம் இதுதான் தங்கச்சி. அப்ப கட்டாயம் போகத்தான் வேணும்."

பின்பக்கம்

குலம் அண்ணை பதினாறு வருஷம் ஜெர்மனியில் இருந்துவிட்டு, லண்டனுக்கு வந்து மளிகைக் கடை போட்டவர். கோபம் வந்தால் இன்னும் ஜெர்மன் பாஷையில்தான் ஏசுவார். மகன் பிரதாப்புக்கு எஞ்சினியரிங் படிக்க இரண்டு இடத்தில் கூப்பிட்டிருந்தார்கள். மார்ச்சில் இரண்டு இடத்துக்கும் விசிட் டே. "ஜெர்மனியில ஒருத்தரும் கம்பஸைப் போய்ப் பார்க்கிறேல்லை. பதியிறது, படிக்கிறது, அவ்வளவுதான். கட்டடத்தைப் பார்த்து என்னத்தைக் காணப்போறம்?" என்றார்.

"கடையைப் பார்க்காமலே எடுத்தனீங்களோ அண்ணை?" என்று கேட்டேன். அண்ணை எழும்பிப் போய்விட்டார்.

மூன்று கிழமை கழித்து இரண்டு பேரும் வந்தார்கள். பிரதாப்பின் முகம் சரியில்லை. "அப்பா மானத்தை வாங்கிப்போட்டார் மிஸ்" என்றான். நடந்தது இதுதான். முதல் இடத்தில் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. வந்தவர்களுக்கெல்லாம் பை, பேனை, கோப்பி. எல்லாரும் வரவேற்புரை கேட்கப் போக, அண்ணை மட்டும் கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கத்தால் வேர்க்‌ஷொப்புக்குள் போயிருக்கிறார். புதிய மெஷின்கள், எல்லாம் உறை போட்டபடி, உறைக்கு மேலே தூசி. இரண்டாவது இடத்திலும் அதே வேலைதான் பார்த்திருக்கிறார். அங்கே இருந்தவை பழைய மெஷின்கள். ஆனால் நிலமெல்லாம் எண்ணெய். கை முழுக்கக் கறுப்பாக நின்ற ஒரு மாணவி, "கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, இதை ஓட்டப்போறன்" என்று இவரை விலத்திவிட்டிருக்கிறாள். அண்ணை அரைமணித்தியாலம் அங்கேயே நின்று பார்த்திருக்கிறார். மகன் தேடிக் கண்டுபிடித்தபோது அந்த மாணவிக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றாராம்.

"ரெண்டாவதுதான் தங்கச்சி. பேச்சுக்கே இடமில்லை" என்று சொல்லிவிட்டு அண்ணை காருக்குப் போனார். பிரதாப் வாசலில் நின்று எட்டிப் பார்த்து, தகப்பன் தூரப் போய்விட்டதை நிச்சயப்படுத்திக்கொண்டு சொன்னான்: "நானும் அதைத்தான் முதல் விருப்பமாப் போட்டிருக்கிறன் மிஸ். அப்பாட்டச் சொல்லிப்போடாதேங்கோ, சாகுமட்டும் சொல்லிக் காட்டுவார்."

அடுத்த பெட்டி

எங்கள் கல்லூரிக் கணக்குப் பிரிவில் சேகரன் என்று ஒருவர். ஈப்போவிலிருந்து முப்பது வருஷத்துக்கு முதல் படிக்க வந்து, இங்கேயே தங்கிவிட்ட மலேசியத் தமிழர். என் அறை வாசலில் காத்திருக்கும் பெற்றோரைக் கண்டால் போதும், நின்று ஒரு பிரசங்கம் வைக்காமல் போகமாட்டார். "நான்லாம் யுனிவர்சிட்டியைப் பாத்ததே பெட்டியோட போய் இறங்கின அன்னிக்குத்தான். என்ன கெட்டுப்போச்சு? போய்ப் பாக்குறதெல்லாம் வீண் வேலைங்க." நான் அரைமணித்தியாலம் பேசிச் சம்மதிக்க வைத்த ஆட்களை இவர் அரை நிமிஷத்தில் கலைத்துவிடுவார்.

அந்த மார்ச்சில் அவருடைய மகள் மீனாவுக்கு விசிட் டே வந்தது. சிநேகிதியோடு போகிறேன், அப்பா வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள். அன்றைக்குப் பல் டாக்டரிடம் போகவேண்டும் என்று சேகரன் லீவு போட்டார். போட்டுவிட்டு, மகள் ஏறின ரயிலிலேயே அடுத்த பெட்டியில் ஏறிக்கொண்டார். மத்தியானம் சாப்பாட்டு வரிசையில் மீனா நிமிர்ந்து பார்த்தால், முன்னால் அப்பா, தோளில் இரண்டு இலவசப் பை, பொருளியல் பேராசிரியரோடு சிரித்துப் பேசிக்கொண்டு.

அதன் பிறகு ஒரு கிழமை எங்களுக்கு வேறு பேச்சுக் கிடையாது. நூலகம் எப்படி, ஆறு எப்படி, பேராசிரியர் எப்படி. மீனா அங்கேதான் போகப்போகிறாள் என்று நாங்களெல்லாம் முடிவே கட்டிவிட்டோம். ஒருநாள் அவள் தகப்பனைக் கூட்டிப்போகக் கல்லூரிக்கு வந்தாள். எப்போது அங்கே சேருகிறாய் என்று கேட்டேன். "அப்பாவுக்கு அவ்வளவு பிடிச்சிருந்தா அப்பாவே போய்ச் சேரட்டும் ஆன்ட்டி, நான் வேற இடத்துக்கு ஓகே சொல்லிட்டேன்."

கட்டில்

ஏப்ரல் மாதம் எப்படி இருந்தது என்று லண்டன் தமிழருக்கு நான் சொல்லத் தேவையில்லை. வன்னியில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. இங்கே பாராளுமன்றச் சதுக்கத்தில் போரை நிறுத்தச் சொல்லிச் சனம் இரவு பகலாக நின்றது. ஈஸ்டர் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்தபோது என் தமிழ்ப் பிள்ளைகளில் பாதிப்பேருக்குக் கத்திக் கத்தித் தொண்டை அடைத்திருந்தது.

தர்ஷிகாவும் அப்படித்தான் வந்தாள். பார்மசி படிக்க வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் கூப்பிட்டிருந்தார்கள். புதன்கிழமை விசிட் டே. தாயின் அக்காவும் மூன்று பிள்ளைகளும் வன்னிக்குள் இருந்தார்கள். போன் வந்து மூன்று கிழமைக்கு மேலாகியிருந்தது. "நான் போகேல்லை மிஸ். பெரியம்மாக்கள் அங்க இருக்கேக்க, நான் இஞ்ச ரூம் பார்க்கப் போறன் எண்டு எப்பிடிச் சொல்லுறது?" என்றாள். "போகாதை. கட்டாயமில்லை" என்றேன்.

பின்னேரம் தாய் வந்தார். சதுக்கத்திலிருந்து நேரே ரயிலேறி வந்திருந்தார். சப்பாத்து முழுக்க ஈரம், கையில் சுருட்டின பதாகை. இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. "மிஸ், பிள்ளையைப் போகாதை எண்டு சொன்னனீங்களோ?"

"ஓம்" என்றேன்.

"என்ர அக்காவின்ர பிள்ளையள் பங்கருக்குள்ள இருக்கினம். போறதுக்கு ஒரு இடமில்லை. இவளை ஒரு இடம் வா எண்டு கூப்பிடுது. இவள் போகாமல் விட்டால் அங்க என்ன மிஸ் மாறப்போகுது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு மகளைத் திரும்பிப் பார்த்தார். "நானும் வாறன். புதன்கிழமை சதுக்கத்தில என்ர இடத்தில அப்பா நிப்பார்."

(அக்காவும் இரண்டு பிள்ளைகளும் ஒரு முகாமில் இருப்பதாக ஜூன் மாதம் தகவல் வந்தது. மூத்த பிள்ளையைப் பற்றி ஒன்றும் வரவில்லை. அந்தப் புதன்கிழமை இது எதுவுமே அவர்களுக்குத் தெரியாது.)

வியாழக்கிழமை தர்ஷிகா என்னிடம் வந்து இருந்தாள். ரயிலில் போகும்போதும் வரும்போதும் அம்மா போனைக் கையிலேயே வைத்திருந்தாராம். விரிவுரை மண்டபம், லாப் எல்லாம் பார்த்தாராம். கடைசியில் ஹொஸ்டல் அறை ஒன்றைத் திறந்து காட்டியிருக்கிறார்கள். ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு ஜன்னல். ஏதாவது கேள்வி இருக்கிறதா என்று கூட்டிப்போன மாணவன் கேட்க, மற்றப் பெற்றோர் இன்டர்நெட் பற்றியும் உடுப்புத் தோய்ப்பது பற்றியும் கேட்டார்கள். வெளியாட்களோடு ஆங்கிலம் பேசவே மாட்டாத அம்மா, தானே ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார், இந்த அறைக்குள் இன்னும் ஒரு கட்டில் போடலாமா என்று. அறைக்கு ஒரு ஆள்தான் இருக்கலாம் என்று அவன் மரியாதையாகச் சொல்லியிருக்கிறான்.

ஏன் அப்படிக் கேட்டீர்கள் என்று ரயிலில் வைத்து மகள் கேட்டதற்கு அம்மா சொன்னது: "கேட்டு வைச்சனான் பிள்ளை, நாளைக்கு ஆரும் வந்தால்?"

செம்மறி

ஸ்ட்ரெதத்தில் இருக்கிற என் அக்காவின் மகள் நிவேதா வேறு கல்லூரியில் படித்தவள். ஆனால் ஆலோசனைக்கு நான்தான். உணவு விஞ்ஞானம் படிக்க ஒரு நல்ல இடத்தில் கூப்பிட்டிருந்தார்கள். விசிட் டே பரீட்சைக்குக் கிட்ட வந்தது, ரயிலில் போய்வரவே முழுநாள் வேண்டும். "படம் பார்த்தனீதானே? நல்ல இடம். போகவேண்டாம், இருந்து படி" என்று போனில் ஒரே வெட்டாகச் சொன்னேன். அவள் போகவில்லை. நன்றாக எழுதினாள், கேட்ட ரிசல்ட் வந்தது, இடமும் கிடைத்தது. என் பெருமையை நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இலையுதிர்காலம் பிறந்ததும் அத்தான் மகளைக் காரில் கொண்டுபோய் விட்டார். அன்று பின்னேரம் போன் வந்தது. "சின்னம்மா, ஜன்னலுக்கு வெளியில செம்மறியாடு நிக்குது." பகிடி விடுகிறாள் என்று நினைத்தேன். இல்லை. படத்தில் இருந்த அழகான கட்டடமெல்லாம் டவுனுக்குள். இவளுடைய படிப்பு மட்டும் முக்கால் மணித்தியாலம் பஸ்ஸில் போகிற இன்னொரு கம்பஸில், வயலுக்கு நடுவில். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் அதைப் போட்டிருந்தார்கள். நானும் வாசிக்கவில்லை, அவளும் வாசிக்கவில்லை. ஸ்ட்ரெதம் ஹை ரோட்டில், பஸ் சத்தத்துக்குள் பிறந்து வளர்ந்த பிள்ளை. அக்கா என்னோடு இரண்டு கிழமை கதைக்கவில்லை. அந்த இரண்டு கிழமையும் வேலையில் யாருக்கும் ஒரே வெட்டாக எதையும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டிசம்பரில் நிவேதா விடுமுறைக்கு வந்தாள். கன்னம் சிவந்து, பெரிய சேற்றுச் சப்பாத்தோடு. வகுப்பில் இருபது பேர்தான், படிப்பிக்கிறவர்கள் எல்லோருக்கும் பெயர் தெரியும், சீஸ் செய்யப் பழகுகிறாள், தானே செய்தது என்று ஒரு துண்டு எனக்கும் கொண்டுவந்தாள். லண்டனில் சத்தம் தாங்க ஏலவில்லை என்றாள். நான் மெதுவாக மன்னிப்புக் கேட்கிற மாதிரித் தொடங்கினேன். அவள் விடவில்லை.

"விசர்க் கதை கதைக்காதேங்கோ சின்னம்மா, அண்டைக்கு நான் போய்ப் பார்த்திருந்தா அங்க சேர்ந்தே இருக்கமாட்டன்."

போ என்று சொன்னதும் சரியாய் வந்திருக்கிறது, போகாதே என்று சொன்னதும் சரியாய் வந்திருக்கிறது, இரண்டிலும் என் பங்கு எவ்வளவு என்று இன்றுவரை ஒருவரும் விசாரிக்காததால்தான் நான் இன்னும் இந்த வேலையில் இருக்கிறேன்.