பந்தோடு ரயில் ஏறிய சென்டர் பார்வர்டு

1. காலைப் பார்த்துக் கொடுத்த வேலை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில் விழுப்புரம் லோகோ ஷெட்டில் கிளீனர் வேலை கேட்டுப் போய் நின்றேன். போர்மன் என் சர்ட்டிபிகேட்டைத் தொடவே இல்லை. வேட்டியை மடித்துக் கட்டச் சொல்லிக் காலைப் பார்த்தார். முகையூர் சர்ச் மைதானத்தில் நான் புட்பால் ஆடுவதை யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அன்று சாயங்காலமே ஷெட் டீமுக்கு சென்டர் பார்வர்டு ஆனேன். எஞ்சின் துடைப்பது எப்படி என்று மறுநாள்தான் காட்டினார்கள்.

இன்றைய பிளேயர்கள் என்னிடம், நாட்டுக்காக ஆடினீர்களா என்று கேட்கிறார்கள். அப்போது அது யாருடைய நாடு என்பதிலேயே வழக்கு இருந்தது. ஆனால் வெளிநாட்டில் ஆடியிருக்கிறேன். வளவனூர் தாண்டினால் பாண்டிச்சேரி, பிரெஞ்சுக்காரன் சீமை. எல்லையில் சுங்கச் சிப்பாய் பந்தை அமுக்கிப் பார்த்துத்தான் உள்ளே விட்டான். அந்தப் பெருமைக்கெல்லாம் முன்னால், திண்டிவனத்தில் என் வேலையே போகப் பார்த்தது.

2. கார்டு விசில்

நான் அப்போது டெம்பரரி. திண்டிவனம் மேட்சுக்குக் கிளம்பும்போது போர்மன் கூப்பிட்டார்.

"நீ கோல் போட்டு ஜெயிச்சா பர்மனென்ட்டுக்கு எழுதறேன். ராத்திரி டூட்டிக்கு வரலன்னா வீட்டுக்குப் போய்க்கினே இரு."

மைதானம் ஸ்டேஷனை ஒட்டி இருந்தது. மாலை, மரியாதை, ஊர்ப் பெரியவர்கள் பேச்சு என்று ஆட்டம் தொடங்கவே வெகு நேரமாகிவிட்டது. கடைசி நிமிடம் வரை கோலே விழவில்லை. நாங்கள் திரும்ப வேண்டிய பாசஞ்சர் என்றைக்கும் நேரத்துக்கு வந்ததில்லை. அன்று பார்த்து வந்து தொலைத்தது.

பந்து என் காலுக்கு வந்த நேரம், ஸ்டேஷனில் வண்டி கிளம்ப ரயில் கார்டு விசில் ஊதினார். ரெப்ரி ஊதியதாக நினைத்துத் திண்டிவனத்து ஆட்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அவர்கள் கோல்கீப்பர் துண்டை எடுக்கக் குனிந்தார். ரெப்ரி விசிலுக்கு நிற்க வேண்டும், கார்டு விசிலுக்குக் கிளம்ப வேண்டும். எங்கள் ஆட்களுக்கு அந்தச் சத்தம் தூக்கத்திலும் தெரியும். அத்தனை பேரும் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வேலியைப் பார்த்து ஓடினார்கள்.

எங்கள் கோல்கீப்பர் கோவிந்தசாமி என்னைத் தாண்டி ஓடிக்கொண்டே கத்தினார். "சின்னப்பா, வண்டி போவுது, ஜல்தி வாடா!"

பந்தை விட்டால் பர்மனென்ட் போச்சு, வண்டியை விட்டால் வேலையே போச்சு. நல்லவேளையாக அவர்கள் கோல்போஸ்ட் ஸ்டேஷன் பக்கம் இருந்தது. இரண்டு மூங்கில், மேலே ஒரு கயிறு, வலை கிடையாது. பந்தை உருட்டிக்கொண்டே கோலுக்குள் புகுந்து, அந்தப் பக்கமாக வெளியே வந்து, கோலுக்குச் சாட்சி வேண்டுமே என்று பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு கடைசிப் பெட்டியில் தொற்றினேன். பின்னால் ஊரே துரத்தி வந்தது.

3. சாட்சி

வண்டியில் கோல் என்றேன். ஒருத்தரும் நம்பவில்லை. எல்லோரும் ரயிலைப் பார்த்து ஓடியதில் யார் கண்ணிலும் அது படவில்லை. ஷெட்டில் பந்தை நீட்டினேன். பந்து பேசுமா என்று கேட்டார் போர்மன். டூட்டி முழுக்கக் கரியும் கண்ணீருமாகத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை, முந்தின நாள் ரெப்ரியாக நின்ற திண்டிவனம் பள்ளிக்கூட டிரில் மாஸ்டர் முதல் வண்டியில் வந்து இறங்கினார். நேராகப் போர்மனிடம் போய், உங்கள் ஆள் எங்கள் பந்தைத் திருடிக்கொண்டு வந்துவிட்டான் என்று புகார் சொன்னார். எங்கே வைத்துத் திருடினான் என்று போர்மன் விசாரித்தார்.

"எங்க கோலுக்குள்ள பூந்து எடுத்துக்கினு ஓடினான் சார்."

"காலாலயா, கையாலயா?"

"கோல் தாண்டுற வரைக்கும் காலாலதான். அப்புறந்தான் கையில எடுத்தான்."

"நீங்க விசில் ஊதினீங்களா?"

"நான் எங்க ஊதினேன்? அது கார்டு ஊதினது."

சொன்ன பிறகுதான் மாஸ்டருக்குத் தான் சொன்னது உறைத்தது. போர்மன் அவர் எதிரிலேயே என்னைப் பர்மனென்ட் ஆக்கச் சொல்லி எழுதிவிட்டு, பந்தைத் துடைத்துக் கொடுக்கச் சொன்னார். எஞ்சினைக் கூட நான் அப்படித் துடைத்ததில்லை.

பந்தை வாங்கிக்கொண்ட மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அடுத்த வாட்டி பந்தை உங்க ஊர்லேர்ந்தே எடுத்துக்கினு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இளம் பிளேயர்களுக்கு நான் சொல்வது இதுதான். விசில் கேட்டதும் நின்றுவிடாதீர்கள், ஊதியது யார் என்று பாருங்கள். ரயிலைப் பிடிக்க ஓடினாலும், கோல் வழியாக ஓடுங்கள்.