பக்கத்து சீட்டு பிரேக்

சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போதும் அவருடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருக்கும். நாடகத்தில் யாராவது படாரென்று கதவைத் திறந்தால் ஒரு அழுத்து. அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டால் ஒரு அழுத்து. பஸ்ஸில் போனால் முன் இருக்கையின் கம்பியை மிதிக்க மிதிக்க, முன்னால் இருப்பவர் திரும்பி முறைப்பார். "மன்னிச்சுக்கங்க, தொழில் வியாதி" என்பார். எந்தச் செருப்பு வாங்கினாலும் வலதுதான் முதலில் தேயும். ஒற்றைச் செருப்பு விற்கிற கடை எங்காவது இருந்தால் சொல்லுங்கள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் கேட்டு வைத்திருக்கிறார்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் வேலை. பயிற்சிக் காரில் ஓட்டுபவர் காலடியில் இருப்பதைப் போலவே ஆசிரியர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை அவர் மிதிக்கிற மிதியில் மாணவர்கள் வைத்த பெயர் 'பிரேக் அக்கா'. அவரைவிட மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். பின் இருக்கையில் குள்ளமானவர்களுக்காக இரண்டு மெத்தைகள், உள்ளங்கை வியர்ப்பவர்களுக்காக ஒரு துண்டு, அழுகிறவர்களுக்காகப் புதினா மிட்டாய் டப்பா. துண்டு தினமும் துவைக்கப்படும்.

"ஸ்டியரிங்க ஏன் இப்படிக் கட்டிப் புடிக்கிற? அது எங்கயும் ஓடிப் போயிடாது."

"கண்ணாடியப் பாரு, கண்ணாடியப் பாரு. உன் மூஞ்சியப் பாக்க இல்ல, பின்னாடி வர்ற லாரியப் பாக்க."

"காலி ரோட்டுல எதுக்குடா பிரேக்கு? பேயா நிக்குது?"

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் காலும் பிரேக்கின் மேல்தான் இருக்கும்.

சில மாதங்களாக அவர் மாணவர்களிடம் கேள்வி கேட்கிறார். சிக்னலைப் பற்றியோ கியரைப் பற்றியோ அல்ல. "எனக்குத் தெரிஞ்சவங்க வீட்டுல ஒரு பொண்ணு..." என்று ஆரம்பிப்பார். அந்தப் பொண்ணு இன்னொரு பொண்ணோடு சேர்ந்து வாழ்கிறதாம். பழக்க தோஷமா? ஹாஸ்டலில் ஒட்டிக்கொண்டு வந்திருக்குமா? வயசு ஏறினால் சரியாகிவிடுமா? ஒரு பையனைப் பார்த்துக் கட்டி வைத்தால்? ரவுண்டானாவில் மூன்று பக்கமும் வண்டி வரும்போது இதையெல்லாம் கேட்டால் மாணவர்கள் என்ன செய்வார்கள்? ஒருவர் இன்ஜினை அணைத்தே விட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் ஒரு மாணவி மட்டும் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"அது ஒட்டிக்கவும் ஒட்டிக்காது, மாறவும் மாறாது அக்கா. வியாதியே இல்ல. வியாதி இல்லாததுக்கு மருந்து எங்கருந்து வரும்? கட்டி வெச்சா ரெண்டு பேரு வாழ்க்கை போகும், அவ்வளவுதான். அக்கா, இப்ப நான் எந்த கியர்ல இருக்கேன்?"

"மூணு" என்றார் அக்கா. வண்டி இரண்டில் இருந்தது. அவர் கியரைத் தவறாகச் சொன்னது அதுவே முதல் தடவை.

தெரிந்தவர் வீடு என்பது அவர் வீடுதான். மகள் போன வருஷம் சமையலறையில், கழுவிய தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அம்மா, அவ என் ரூம்மேட் இல்லம்மா." அம்மாவின் கால் தரையை அழுத்தியது. எதுவும் நிற்கவில்லை. மகள் தொடர்ந்து பேசி முடித்துவிட்டாள்.

அன்றிலிருந்து அவர் பின்பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வாழ்கிறார். முடியைக் குட்டையாக வெட்டிவிட்டோமே, அதனாலா? காலேஜ் சேருவதற்கு முன்பே ஸ்டியரிங்கைக் கையில் கொடுத்தோமே, அதனாலா? அப்பா இல்லாமல் வளர்ந்ததாலா? இந்தக் கடைசிக் காரணம் அக்காவின் அண்ணன் எடுத்துக் கொடுத்தது. தங்கையின் கணவர் இறந்த பிறகு அந்த வீட்டின் எல்லா முடிவுக்கும் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான். "தகப்பன் இல்லாம வளந்த பொண்ணு, வேற எப்படி இருக்கும்?" என்று மகளின் முகத்துக்கு நேராகவே கேட்டார். "நீங்களும் உங்க அப்பா இல்லாமத்தான் வளந்தீங்க மாமா" என்றாள் அவள். அண்ணன் பிறகு வெகுநேரம் தம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

அக்காவுக்கும் சந்தேகங்கள் தீர்ந்தபாடில்லை. ஒருநாள் போனில் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா, உங்க ரெண்டு பேர்ல... ஆம்பள மாதிரி யாரு?"

"அம்மா, ரெண்டு பேரும் பொம்பளைங்கம்மா. அதானே விஷயமே."

"சரி, சிலிண்டர் யாரு மாட்டுவா?"

"அவ மாட்டுவா. கரப்பான்பூச்சி அடிக்கறது நான்."

அக்கா கொஞ்ச நேரம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "அவ பூச்சிக்கு பயப்படுவாளா?" என்றார். "அலறுவா" என்றாள் மகள்.

அந்த இன்னொருத்தி ஒண்ணாங்கிளாஸ் டீச்சர். அக்கா அவளைச் சரியாகப் பார்த்தது ஒரே ஒரு தடவை. மகளுக்குக் குடல்வால் ஆபரேஷன் என்று போன் வந்து, அடித்துப் பிடித்து ஓடிய நாள் அது. மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் மகளின் செருப்புகள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்ததே அவள்தான். ஆனால் கவுன்ட்டரில் "நீங்க பேஷன்ட்டுக்கு என்ன வேணும்?" என்று கேட்டிருக்கிறார்கள். அவள் சொன்ன பதிலுக்கு அவர்கள் படிவத்தில் கட்டம் இல்லை. தாலி கட்டினவர் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடலாம், பெற்றவர் போடலாம், கூடப் பிறந்தவர் போடலாம். இவர்கள் கட்டிக்கொள்ளச் சட்டத்தில் வழி இல்லை. ஆகவே வலியில் துடிக்கிறவளை உள்ளே வைத்துக்கொண்டு, பஸ் ஏறி வரும் அம்மாவுக்காக எல்லாரும் காத்திருந்தார்கள். அக்கா "நான் அம்மா" என்றார். கதவு திறந்தது. உள்ளே போகும்போது அந்தச் செருப்புகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். வாங்கிக்கொள்ளவும் இல்லை, வா என்று சொல்லவும் இல்லை.

அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். உலகத்தில் உள்ள எல்லாக் கோளாறுக்கும் ஒரு பவர் உண்டு என்பது அவர் கட்சி. "பார்வை மாறிப் போச்சுன்னா லென்ஸ் போடறோம்ல? இதுவும் அதேதான். எனக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் இருக்காரு, இந்த மாதிரி நெறயப் பேரத் திருத்தியிருக்காரு. கொஞ்ச நாள் மாத்திரை, கொஞ்ச நாள் பேச்சு. அப்புறம் மாப்பிள்ளை பாக்க வேண்டியதுதான்."

"அவ வர மாட்டாண்ணா."

"அவளுக்குன்னு ஏன் சொல்ற? உனக்குத் தலவலின்னு சொல்லி, தொணைக்குக் கூப்பிடு. உள்ள வந்துட்டா மீதிய டாக்டர் பாத்துப்பாரு. நான் வாசல்லயே நிக்கறேன்." பிறகு குரலை இறக்கினார். "அது வேற டீச்சராமே. இந்த மாதிரி ஆளுங்கள சின்னப் பிள்ளைங்க பக்கத்துல விடலாமா?"

அக்காவுக்கு வேறொரு பயம். நாம் போன பிறகு, வயதான காலத்தில், இவளுக்கு யார் இருப்பார்கள்? அந்தப் பயம்தான் போனை எடுத்துப் பொய் சொல்ல வைத்தது. சொன்ன அன்று சாயங்காலமே அவருக்கு நிஜமாகத் தலை வலிக்க ஆரம்பித்துவிட்டது.

சனிக்கிழமை காலை இரண்டு பேரும் டீச்சரின் காரில் வந்தார்கள். "அவதான் ஓட்டப் போறா. நான் ஓட்டினா பாதி வழியில நீ ஸ்டியரிங்கப் புடுங்குவ" என்று சொல்லி மகள் பின்னால் ஏறிக்கொண்டாள். அவளுக்குப் பக்கத்தில் குழந்தைகளின் நோட்டுப் புத்தகங்கள் சரிந்து கிடந்தன. கதவில் யாரோ ஒரு வாண்டு கிரேயானால் பூனையோ யானையோ வரைந்திருந்தது. டீச்சர் அதை அழிக்கவில்லை.

அக்கா முன் இருக்கையில் உட்கார்ந்து கால் வைத்துப் பார்த்தார். ரப்பர் விரிப்புதான் இருந்தது. அதையே மிதித்தார். டீச்சர் கண்ணாடியைப் பார்த்தாள், இண்டிகேட்டர் போட்டாள், வேகத்தடைக்கு முன் அலுங்காமல் குறைத்தாள். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காதது அவருக்கு இன்னும் கலக்கமாக இருந்தது.

"வலி காலைலயா ஆன்ட்டி, சாயங்காலமா? வெளிச்சம் பட்டா அதிகமாகுதா? டாக்டர் கேப்பாரு. பயத்துல நமக்கு ஞாபகம் வராது, இப்பவே யோசிச்சு வெச்சுக்கங்க."

அவர் ஏதேதோ சொன்னார். "இவ்வளவு நாளா ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்று பின்னாலிருந்து மகளின் கை வந்து நெற்றியில் படிந்தது. சில்லென்ற கை. அக்கா ரப்பர் விரிப்பைப் பலமாக மிதித்தார்.

"உள்ள நீங்க ரெண்டு பேரும் போங்க" என்றாள் டீச்சர். "நான் வெளிய உக்காந்துக்கறேன். யாரு நீங்கன்னு கேப்பாங்க, அதுக்கு ஒரு பதில் தேடணும். எனக்கு நாற்காலி பழகிடுச்சு ஆன்ட்டி." கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்பதைப் போலச் சொன்னாள்.

டாக்டரின் பெயர்ப்பலகை தெரிந்தது. கேட்டருகில் அண்ணன் நின்றுகொண்டு, கையை நெற்றியில் வைத்துச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் கைப்பைக்குள் போன் அதிர்ந்தது.

"இங்க லெஃப்டா ஆன்ட்டி?" இண்டிகேட்டர் டிக் டிக் என்றது.

"வேணாம். நேரா போ."

"டாக்டர்?"

"நேரா போன்னா போ. பின்னாடி லாரி வருது, நடு ரோட்டுல யோசிக்காத."

கார் நேராகப் போனது. கேட்டைத் தாண்டும்போது மகள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். "அங்க நிக்கறது மாமாதானே?"

அக்காவின் நெற்றியில் இருந்த மகளின் கை விலகியது.

"அம்மா. டாக்டர் யாருக்கு?"

பொய் ஒன்று வாய்வரைக்கும் வந்தது. "உனக்கு" என்றார் அக்கா.

போன் மறுபடி அதிர்ந்து தானே ஓய்ந்தது. பின் இருக்கையில் ஒரு நோட்டுப் புத்தகம் சரிந்து விழுந்தது. எடுத்து வைக்கும் சத்தம் கேட்கவில்லை. அக்கா திரும்பிப் பார்க்கப் பயந்து சாலையையே பார்த்தார். டீச்சரின் விரல்கள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தன, முதல்நாள் வகுப்புக்கு வந்தவளைப் போல. ஆனால் வண்டி அதன் கோட்டிலேயே போனது.

"முன்னாடி ரவுண்டானா வருது ஆன்ட்டி" என்றாள். "எந்தப் பக்கம்?"

"நீ ஓட்டும்மா" என்றார் அக்கா.

மூன்று பக்கமிருந்தும் வண்டிகள் வந்துகொண்டிருந்தன. அவர் குனிந்து, தேய்ந்த வலது செருப்பை முதலில் கழற்றினார். பிறகு இடதையும் கழற்றி, இரண்டு கால்களையும் தூக்கி இருக்கையின் மேல் மடக்கி வைத்துக்கொண்டார்.