தம்பியின் பங்கு

அப்பா உயில் எழுதாமலே போய்ச் சேர்ந்தார். பஸ் ஓட்டிச் சம்பாதித்து வாங்கிய இரண்டறை வீடு. அதன் முன்னறையில்தான் தையற்காரியான மகளுக்குத் தையல் இயந்திரம், படுக்கை, பிழைப்பு எல்லாம். அம்மா எப்போதோ போய்விட்டாள். கல்யாணம் என்று எதுவும் கூடிவரவில்லை. கடைசி ஒன்பது வருஷம் அப்பாவைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, ஏச்சும் வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள்.

வீட்டைப் பெயர் மாற்றப் போன இடத்தில் எழுத்தர் கேட்டார்: "கூடப் பிறந்தவங்க?"

"ஒரு தம்பி. பிடிச்ச பொண்ணைக் கட்டிக்கிட்டான்னு அப்பா வெளியே போகச் சொல்லிட்டார். பதினெட்டு வருஷமாச்சு."

"உயில் இல்லேன்னா இந்து வாரிசுச் சட்டப்படி ரெண்டு பேருக்கும் சமபங்கும்மா. அவர் கையெழுத்து வேணும்."

வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர் குரலைத் தாழ்த்தினார். "ஒரே பொண்ணுன்னு எழுதிடட்டுமா? யாரு வந்து கேக்கப் போறா?"

"இருக்கிறவனை இல்லேன்னு எழுத எனக்கு மனசு வராதுங்க."

அப்பா வீம்புக்குப் படிக்காமல் தூக்கிப் போட்ட ஒரே கடிதத்தை அவள் எடுத்து வைத்திருந்தாள். அதில் ஒரு லேத் பட்டறை விலாசம். நாலு மணி நேரப் பயணம். அவனை எப்படியெல்லாம் திட்டுவது என்று வழிநெடுக வார்த்தை சேர்த்துக்கொண்டே போனாள்.

பட்டறைக்காரர் அவளைப் பார்த்ததுமே, "அக்காதானே? அதே மூக்கு," என்றார். பிறகு ஓடிக்கொண்டிருந்த லேத்தை நிறுத்தினார். "அவன் போய் மூணு வருஷமாச்சும்மா. நெஞ்சுவலி. உங்களுக்குத் தெரியாதா?"

மூன்று வருஷம். போன மாதம்வரை தபால்காரர் மணி கேட்டால் போதும், அப்பா படுக்கையிலிருந்து தலையைத் தூக்குவார். "அந்தக் கழுதை ஏதாவது எழுதியிருக்கானா பாரு."

பின்தெருவில் தம்பி மனைவி கதவைத் திறந்தாள். "மாமா தாங்க மாட்டார், சொல்லாதேன்னு ஆஸ்பத்திரியில அவர் என்கிட்ட சத்தியம் வாங்கிட்டார் அண்ணி," என்று அழுதாள். வந்த காரியத்தைக் கேட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்களுக்கு எதுவும் வேணாம். எங்கே கையெழுத்துப் போடணும்?" என்றாள்.

உள்ளிருந்து பதினான்கு வயதுப் பெண் எட்டிப் பார்த்தாள். அதே மூக்கு.

"உன் பங்கை நீ விடுவே. அவ அப்பன் பங்கை விட நீ யாரு?" என்றாள் தையற்காரி. திட்டச் சேர்த்து வைத்ததில் அந்த ஒன்றுதான் வாய்க்கு வந்தது.

மறுவாரம் மூவருமாக மனுக் கொடுத்தார்கள். தம்பி பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று எழுதும்போது அவளுக்குக் கை ஓடவில்லை.

"அம்மா, அடுத்தவங்க நிக்கிறாங்க," என்றார் எழுத்தர்.

நகர்ந்து நின்று, தாளைச் சுவரில் வைத்து எழுதி முடித்தாள். இரண்டு மாதத்தில் வீடு மூன்று பேர் பெயருக்கும் மாறி வந்தது.