பதக்கம் பெற்றவரின் எதிர் வரிசை

சுவிற்சர்லாந்தின் லுசேர்ணில் நான் காலை உணவு பரிமாறிய ஹோட்டலின் நடையில் ஒரு படம் தொங்கியது. விக்டோரியா மகாராணி காலத்து ஸ்கொட்லாந்து இராணுவ அதிகாரி. மார்பில் சிலுவை வடிவப் பதக்கம். காசநோய்க்கு மலைக்காற்றுத் தேடி வந்து அந்த ஹோட்டலிலேயே இறந்தவர். யாழ்ப்பாணத்தில் பத்திரிகையில் வேலை பார்த்த பழக்கம் விடவில்லை. அவரைப் பற்றித் தேடி வாசித்தேன்.

போதகர் ஒருவரின் மகன். மீசை முளைக்கும் வயதில் படையில் சேர்ந்து இந்தியாவுக்குக் கப்பலேறினார். சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, துப்பாக்கிச் சூட்டுக்குள் திரும்பி ஓடி, காயப்பட்ட வீரன் ஒருவனை முதுகில் சுமந்து வந்தார். பதக்கம் அதற்குத்தான். அதே மாதம் அவருடைய ஆட்கள் வழியிலிருந்த ஊர்களை எரித்து, அகப்பட்டவர்களை மரங்களில் தூக்கிலிட்டார்கள். படையணியின் வரலாற்று நூல் இரண்டையும் ஒரே பக்கத்தில், ஒரே தொனியில் சொல்கிறது. அவருடைய கல்லறையில் முதலாவது மட்டுமே செதுக்கப்பட்டிருக்கிறது.

அந்தக் கல்லறையை எனக்குக் காட்டியவர் எங்கள் ஹோட்டல் சமையலறையில் வேலை செய்த ஊர்க்கார அண்ணை. கத்தோலிக்கர். புற்றுநோயில் இறந்த அவருடைய மனைவியை அதிகாரிக்கு எதிர் வரிசையில் அடக்கம் செய்திருந்தார்கள். கறுப்புக் கல், தமிழில் பெயர். ஞாயிறு வேலை முடிந்ததும் பூவோடு போவார். சில நாட்களில் நானும் கூடப் போனேன்.

ஓர் இலையுதிர்காலத்தில் அந்த வரிசையின் முனையில் சிறிய பலகையொன்று நடப்பட்டிருந்தது. இந்த வரிசையின் காலம் முடிகிறது, வசந்தத்தில் அகற்றப்படும், உறவினர்கள் அலுவலகத்துடன் பேசவும் என்று ஜெர்மன் மொழியில் எழுதியிருந்தது. அண்ணை அதை ஏற்கெனவே வாசித்திருந்தார்.

“அது கேட்பாரில்லாத ஆக்களுக்கு, தம்பி.”

“வரிசை முழுக்க எண்டெல்லோ போட்டிருக்கு, அண்ணை.”

“நீர் பேப்பர்க்காரன். எதைக் கண்டாலும் மரண அறிவித்தலாத்தான் வாசிப்பீர்.” அதிகாரியின் கல்லைக் கையால் தட்டினார். “இவர் ராணி காலத்திலயிருந்து படுத்திருக்கிறார். ஒரு பூ வைக்க ஆளில்லை. இவரையே எழுப்பேல்லை. நான் கிழமை தவறாமல் வாறன், என்ரை மனுசியையோ எழுப்பப் போறாங்கள்?”

ஊரில் அவருடைய குடும்பத்துக்குச் சேமக்காலையில், கோயில் இடுகாட்டில், ஒரு மூலை இருந்தது. போய்வர ஆளிருக்கும்வரை அங்கே யாரும் கைவைக்க மாட்டார்கள். அந்த வழக்கத்தை அவர் இங்கேயும் நம்பியிருந்தார்.

பனி கரையத் தொடங்கியபோதுதான் அலுவலகத்துக்கு வரச் சம்மதித்தார். மேசைக்கு அப்பால் இருந்த பெண் மரியாதையாகப் பேசினாள். வரிசைக் கல்லறைக்கு இருபது ஆண்டுகள்தான், அதை நீட்டிக்க முடியாது. அதிகாரியின் கல் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம்.

“பதக்கம் இருக்கிறதாலயோ?” என்று அண்ணை என்னிடம் கேட்டார். ஜெர்மனில் கேட்டேன்.

“கல் பழையது. பதக்கமும் ஒரு காரணம்தான்.”

“நான் ஒரு ஞாயிறும் விடேல்லை எண்டு சொல்லும், தம்பி.”

சொன்னேன். “பூ வைப்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை,” என்றாள். பிறகு, கல்லை அவர் எடுத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் உடைத்துவிடுவார்கள் என்றாள்.

அண்ணையின் வீடு மூன்றாம் மாடியில். கல்லை மேலே ஏற்ற வழியில்லை. கீழே நிலவறையில், குளிர்கால டயர்களுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில், கம்பளியால் சுற்றிச் சாய்த்து வைத்தோம். எலும்புகளை யாரும் தோண்டவில்லை. மேலே மண்ணை நிரவிப் புல் விதைத்தார்கள்.

நவம்பரில், மரித்தோர் நினைவு நாளில் போனோம். எதிர் வரிசை இருந்த இடம் முழுவதும் ஒரே புல்தரை. அண்ணை அதிகாரியின் கல்லில் முதுகைச் சாய்த்து நின்று, தண்ணீர்க் குழாயை நேராகப் பார்த்து, இடத்தை மட்டுப்பிடித்தார். அங்கே போய் மெழுகுதிரியை வைத்தார். தோட்டக்காரர் வந்து, புல்லில் வைக்கக்கூடாது, வெட்டும் இயந்திரத்தில் அகப்படும் என்று மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார்.

அண்ணை மெழுகுதிரியை எடுத்தார். சுற்றிப் பார்த்தார். திரும்பி வந்து அதிகாரியின் காலடியில் வைத்து, காற்றில் அணைந்ததை மறுபடி கொளுத்தினார்.

“பாத்தீரோ, ஐயா,” என்றார் கல்லிடம். “கடைசியில உமக்கும் ஒரு ஆள் வந்திட்டுது.”

ஆங்கிலம் பேசிய வயதான தம்பதியர் அந்த வழியே வந்தார்கள். கல்லை வாசித்தார்கள், மெழுகுதிரியைப் பார்த்தார்கள். கணவர் தொப்பியைக் கழற்றி, அண்ணையைப் பார்த்து நன்றியோடு தலையசைத்தார்.

அண்ணையும் தலையசைத்தார்.