வாளியில் இளைத்தவை

டாக்டர் எழுதிக்கொடுத்த மீனெண்ணெய் மாத்திரையை அடையாறு மருந்துக்கடை வாசலிலேயே பிரித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். பழைய புத்தி எங்கே போகும்? கண்ணாடி உடம்பு, உள்ளே மஞ்சள் எண்ணெய். காலாவதித் தேதியைத் தேடுகிறேன் என்று நினைத்துக் கடைக்காரர் முறைத்தார்.

இருபத்தைந்து வயதில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு இதுதான் வேலை. கோப்பிபாட் என்று கடலில் மிதக்கிற, கடுகைவிடச் சிறிய உயிர்கள். மைக்ராஸ்கோப்பில் வைத்தால் உடம்புக்குள் எண்ணெய்த் துளி தெரியும். குளிர்க்கடல் ஜாதிகள் தீனி கிடைக்கிற காலத்தில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு ஆழத்துக்கு இறங்கி, மாதக்கணக்கில் பட்டினியாகக் கிடக்கும். நம் கடலில் இருப்பவை அன்றாடங்காய்ச்சிகள், சேமிப்பு சொற்பம். அந்தச் சொற்பமும் மாதத்துக்கு மாதம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பது என் பாடு.

மாதம் ஒருமுறை பட்டினப்பாக்கம் காசி அண்ணன் படகில் போய் வலை இழுப்பேன். கரைக்கு வந்ததும் பிடித்ததை ஐஸில் போட்டுவிட வேண்டும். வாளியில் உயிரோடு விட்டால் தீனியில்லாமல் சொந்தக் கொழுப்பையே கரைத்துவிடும். எல்லாம் தெரியும். ஆனால் அவர் மனைவி தனம் அக்கா வைக்கும் குழம்பு வாசனை வந்துவிட்டால் ஐஸாவது, ஆராய்ச்சியாவது.

ஒரு மழைக்காலம். வாரக்கணக்கில் மீன்பாடு இல்லை. கடல் சற்று அடங்கிய காலையில் எனக்காகப் படகை இறக்கினார் அண்ணன். திரும்பியதும் வாளியை வாசலில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். நல்ல நாளில் காயவைத்துப் பானையில் பத்திரப்படுத்திய கருவாட்டில் குழம்பு. நீங்கள் சாப்பிடவில்லையா என்று கேட்டேன்.

"நாங்க அப்பவே துன்ட்டோம். நீ துன்னு தம்பி," என்றார் அக்கா.

இரண்டு தட்டு ஆயிற்று. அங்கேயே தூங்கியும் போனேன். சாயங்காலம் வாளியோடு பஸ் ஸ்டாப் வரை வந்தபின்தான் நோட்டை விட்டுவந்தது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போனால், இருவரும் காலிக் குழம்புச் சட்டியில் கஞ்சியை ஊற்றி அலசிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். நோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த மாதமும் போனேன், சாப்பிட்டேன்.

அன்று பிடித்தவற்றில் எண்ணெய்த் துளி இருந்த இடமே தெரியவில்லை. வாளியைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை. மழைக்காலத்தில் கொழுப்பு குறைகிறது என்று வரைபடத்தில் ஒரு பள்ளம் போட்டேன். பேராசிரியர் மெச்சினார்.

மாத்திரையை விழுங்கிவிட்டுப் பட்டினப்பாக்கம் போனேன். அந்த வீட்டு வரிசையையே இடித்து, ஜனங்களை ஊருக்கு வெளியே எங்கோ அனுப்பிவிட்டார்களாம். காசி, தனம் என்றால் யாருக்கும் தெரியவில்லை. அழுகை வருமா என்று சற்று நின்று பார்த்தேன். வரவில்லை. அவர்கள் பட்டினி கிடந்த நாளுக்கு அடையாளமாக மிச்சமிருப்பது வரைபடத்தின் அந்தப் பள்ளம்தான். அதன் கீழேயும் கோப்பிபாட் என்றுதான் எழுதியிருக்கிறேன்.