வாப்பா எடுத்த பறவைப் படம்

வளைகுடாவிலிருந்து லீவில் வருகிற மற்ற வாப்பாமார்கள் பிள்ளைகளுக்கு ரிமோட் கார் கொண்டுவந்தார்கள். என் வாப்பா ஒரு பறவைப் படம் கொண்டுவந்தார். அதுவும் செல்போனில் அவரே எடுத்தது. ஏழு நிமிடம் ஓடும். தென்காசியில் எங்கள் தெருவில் அதற்குத் தப்பியவர்கள் குறைவு.

அங்கே ஒரு சின்னத் தீவில் எண்ணெய்க் கம்பெனியில் அவருக்கு வெல்டர் வேலை. கோடையில் அந்தத் தீவுக்குக் கடல் பறவைகள் கூட்டம் கூட்டமாக முட்டையிட வருமாம். கறுப்புக் கொண்டை, மஞ்சள் அலகு. ஆலா என்ற பெயரெல்லாம் நான் பின்னாளில் படித்தது; வாப்பாவுக்கு அது 'நம்ம பறவை'. படத்தில் ஆண் பறவை வாயில் மீனோடு வந்து இறங்கும். இறக்கையைத் தொங்கவிட்டு, கழுத்தை நீட்டி, பெண்ணைச் சுற்றிச் சுற்றி நடக்கும். பெண் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஐந்து நிமிடம் இதே கூத்து. கடைசியில் பெண் லபக்கென்று மீனை வாங்கிவிட்டால் சம்மதம் என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியாது. மீன் கைமாறிய நொடியில் வாப்பா என் கண்ணை உள்ளங்கையால் பொத்திவிடுவார். மாமாவுக்கு மட்டும் முழுசாகக் காட்டுவார். மாமா விழுந்து விழுந்து சிரிப்பார். ஒன்பது வயதுக்காரனுக்கு இதைவிட எரிச்சல் வேறென்ன வேண்டும்?

அந்தப் படத்தைப் பார்க்காதவள் உம்மா ஒருத்திதான். வாப்பாவோடு அவள் பேச்சை நிறுத்திப் பத்து நாளாகியிருந்தது. இந்தத் தடவையோடு முடித்துக்கொண்டு ஊரிலேயே இருந்துவிடுகிறேன் என்று போனில் சொன்னவர், இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தார். அவருக்கு டீ வேண்டுமா, சோறு வைக்கவா என்பதெல்லாம் என் மூலமாகவே நடந்தது. அடுப்படிக்கும் முன்னறைக்கும் நடந்தே எனக்குக் கால் கடுத்தது.

சமாதானம் பண்ண எங்களைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போனார். நல்ல சாரல். நான் சட்டையைக் கழற்றிக்கொண்டு தயாராக நிற்க, உம்மா குளிக்க வரவில்லை என்று ஒரு கடையோரப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். வாப்பா போய் மங்குஸ்தான் வாங்கி வந்தார். உம்மா தொடவில்லை. மறுபடி போய் ரம்புட்டான். அப்புறம் சுடச்சுட நேந்திரங்காய் சிப்ஸ். எல்லாவற்றையும் குளிரில் நடுங்கிக்கொண்டே நான்தான் தின்று தீர்த்தேன். என்னை அருவிக்குக் கூட்டிப்போக ஒருவருக்கும் தோன்றவில்லை.

வேறு வழி தெரியாமல் அவர் போனை எடுத்தார். மறுபடியுமா என்று எனக்கு அழுகையே வந்தது. ஆனால் உம்மா பார்த்தாள். கடைசிவரை பார்த்தாள். வாப்பா என்னை மறந்துவிட்டதால் நானும் பார்த்தேன். ஆண் பறவை பெண்ணின் முதுகில் ஏறி, தள்ளாடி நின்று, இறங்கியது. அவ்வளவுதான். இதற்கா இத்தனை நாள் பொத்தினார் என்றிருந்தது.

பத்து நாளில் முதல்முறையாக உம்மா அவரிடம் நேராகப் பேசினாள்.

"பொறவு அந்த ஆணு எங்கன போவும்?"

வாப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "எங்கயும் போவாது. அங்கன அடிக்கித வெயிலுக்கு முட்டைய விட்டா வெந்துரும்லா. ஒண்ணு மீன் தின்னப் போனா ஒண்ணு உக்காந்திருக்கும். குஞ்சுக்கு றெக்கை மொளைக்கித வரைக்கும் ரெண்டும் மாறி மாறி..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"நல்ல பறவ" என்றாள் உம்மா. போனை அவர் மடியில் வைத்தாள்.

பேச்சு வந்துவிட்டது, இனியாவது குளிக்கலாமா என்று நான் கேட்டேன். குளிக்காமலே வீடு திரும்பினோம்.

அடுத்த வாரம் வாப்பா கிளம்புகிற அன்று, மாமா தன் கூட்டாளியோடு வழியனுப்ப வந்தார். இவனுக்கும் அந்தப் படத்தைக் காட்டுங்கள் என்றார். அது அழிந்துபோய்விட்டது என்றார் வாப்பா. அன்று காலையில்தான் அவர் போனில் விளையாடும்போது நான் அதைப் பார்த்திருந்தேன். கார் தெருமுனை திரும்பியதும் உம்மாவிடம் ஓடிப்போய், வாப்பா பொய் சொல்லிவிட்டார், படம் அப்படியே இருக்கிறது என்று கோள் சொன்னேன்.

பளீரென்று ஓர் அறை விழுந்தது. அடித்தவளே முக்காட்டில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழவும் தொடங்கினாள். அடி வாங்கியவன் நான், இவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.